உலைச் சுவரை எடை போட்ட கணக்கு

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஆனாலும் என் வேலைக் காலத்தின் பெரும்பகுதி சமன்பாடு போட்டுத்தான் கழிந்தது. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலை. அங்கே உருகிய இரும்பு கொதிக்கும் உலைக்கு முன்னால் நின்றுகொண்டு 'எக்ஸ்' கண்டுபிடித்தவன் நான். பள்ளிக்கூடத்தில் விடை தப்பினால் மதிப்பெண் போகும். எங்களுக்கு ஒரு உலை இரும்பு போகும்.

இப்போது இதை எழுதக் காரணம் பாபு. அதே உலையில் இன்றும் வேலை பார்ப்பவன். என்னைவிடப் பல வயது சின்னவன்; ஆனாலும் முதல் நாளிலிருந்தே என்னை 'மாமே' என்றுதான் கூப்பிடுவான். போன வாரம் போன் செய்தான்.

"மாமே, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர் சொல்லுது. சாம்பிள் ரிசல்ட்டு வந்தவுடனே, இத்தினி கிலோ போடுன்னு ஸ்கிரீன்ல வந்துடுது. ஒரே ஒரு கட்டம் மட்டும் நாமதான் அடிக்கணும். உள்ள கீற இரும்போட எடை. புதுப் பசங்க தெனமும் ஐந்நூறுன்னே அடிக்கிறானுங்கோ."

"நீ சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். பாபு அண்ணாத்தே கத உடுறார்ன்னு சிரிக்கிறானுங்கோ. நீ எழுதி அனுப்பு மாமே. எழுத்துல இருந்தா நம்புவானுங்கோ."

அதனால் எழுதுகிறேன்.

திருநின்றவூர் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அப்பா இறந்தபின் படிப்பு நின்றது. நின்றதில் எனக்குப் பெரிய வருத்தம் இருந்ததாக நினைவில்லை. ஓர் இடத்தில் உட்கார எனக்கு எப்போதும் முடியாது. லாரியில் கிளீனராக ஆந்திரா வரை போனேன். ரோடு போடும் கும்பலோடு தார் காய்ச்சினேன். பூந்தமல்லியில் கல்யாண சமையல்காரர் ஒருவரிடம் அண்டா கழுவி, பிறகு கரண்டி பிடித்தேன். அண்ணனூரில் ரயில் பெட்டி கழுவும் கான்டிராக்டில் கொஞ்ச நாள். தங்க இடமில்லாத நாட்களில் பிளாட்பாரத்தில் படுத்தேன். கொசுதான் தொந்தரவு, மற்றபடி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணம் ஆனபிறகு மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: தினமும் வீட்டுக்கு வருகிற வேலையாக இருக்க வேண்டும். அப்படித்தான் அம்பத்தூருக்கு வந்தேன். முதலில் மணல் சலித்தேன், பிறகு மணலை இடித்து அச்சு செய்தேன், பிறகு உலை மேடைக்கு ஏற்றினார்கள். அதிலும் இரண்டு முறை சொல்லாமல் கிளம்பிப் போய், திரும்பி வந்து நின்றிருக்கிறேன். இரண்டு முறையும் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டவர் சாமுவேல் சார்.

சாமுவேல் சார் உலைப் பகுதிக்குப் பொறுப்பாளர். ஆவடிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். நான் அவரை 'சார்' என்பேன், அவர் என்னை 'அண்ணாத்தே' என்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வார்ப்பு ஆலையில் சத்தம் போடாத மேலாளர் என்றால், நாற்றமில்லாத மீன்கடை மாதிரி. யாரும் நம்ப மாட்டார்கள். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். அவர் துடைத்து முடிப்பதற்குள் எதிரில் நிற்பவன் தன் கணக்கை மறுபடி பார்க்கத் தொடங்கியிருப்பான். தப்பான விடையைச் சொன்னால் 'தப்பு' என்று சொல்ல மாட்டார். 'மறுபடி' என்பார். அவ்வளவுதான். எது தப்பு, எங்கே தப்பு என்பதெல்லாம் உன் பாடு.

அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எக்ஸ் யாரு?"

என்ன என்று கேட்க மாட்டார். யாரு என்றுதான் கேட்பார். தெரியாத ஆள் ஒருத்தன் கூட்டத்தில் இருக்கிறான், அவன் யார் என்று முதலில் சொல். அதற்கப்புறம் கணக்குப் போடு. இதுதான் அவர் பாடம்.

நான் முதன்முதலில் போட்ட கணக்கு இன்னும் மனதில் நிற்கிறது. உலையில் விளிம்புவரை இரும்பு. ஐந்நூறு கிலோ. சாம்பிளில் கார்பன் நூற்றுக்கு 3.8 வந்துவிட்டது. வேண்டியது 3.4. கார்பனைக் குறைக்க, கார்பன் மிகக் குறைவாக உள்ள எஃகுத் துண்டுகளைப் போட வேண்டும். அதில் நூற்றுக்கு 0.2. ஆனால் உலை நிறைந்திருக்கிறது. மேலே போட இடமில்லை.

"எவ்ளோ போடணும் அண்ணாத்தே?" என்று சாக்பீஸை நீட்டினார்.

நான் சாக்பீஸை வாங்கினேன். அப்போது எனக்குப் பூந்தமல்லி அண்டா நினைவுக்கு வந்தது. சாம்பாரில் உப்பு கூடிப்போய், அண்டாவும் நிறைந்திருந்தால் சமையல்காரர் என்ன செய்வார்? இரண்டு வாளி மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, உப்பில்லாத பருப்பு இரண்டு வாளி ஊற்றுவார். மொள்ளும் வாளியோடு கொஞ்சம் உப்பு வெளியே போகும். ஊற்றும் வாளியோடு உப்பு வராது.

"மொதல்ல மொண்டு ஊத்தணும் சார். எவ்ளோ மொள்றமோ அவ்ளோதான் போடணும்."

"சரி. அப்ப எக்ஸ் யாரு?"

"மொள்ற எடை."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "போடுங்க" என்றார்.

போட்டேன். ஐந்நூறு கிலோவில் இப்போது கார்பன் பத்தொன்பது கிலோ. இருக்க வேண்டியது பதினேழு. இரண்டு கிலோ குறைய வேண்டும். ஒரு கிலோ இரும்பை மொண்டால் 38 கிராம் கார்பன் வெளியே போகும். ஒரு கிலோ எஃகு போட்டால் 2 கிராம் உள்ளே வரும். ஆக, கிலோவுக்கு 36 கிராம் குறையும். இரண்டாயிரம் கிராம் குறைய எத்தனை கிலோ? ஐம்பத்தைந்தரை. இதையே அவர் கீழே எக்ஸ் வைத்து ஒரு வரியில் எழுதிக் காட்டினார். நான் வாயால் சொன்னதும் அந்த வரியும் ஒன்றேதான் என்று தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொன்னால் மிகையாகத் தோன்றும். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ஒட்டிக்கிடந்த ஒரு எழுத்து, உலை மேடையில் இறங்கி வந்து எனக்குத் துணையாக நின்றது.

எங்கள் மேடையில் ஒரு வழக்கம் இருந்தது. சாமுவேல் சார் கொண்டுவந்தது. எதையும் உலையில் போடுவதற்கு முன் இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஒருவர் மேடையில், இன்னொருவர் ஆய்வுக்கூடத்தில். போட்ட விடையைத் தோல் கையுறையின் முதுகில் சாக்பீஸால் எழுதி, கையை மார்போடு வைத்துக்கொண்டு நேருக்கு நேர் வந்து நிற்க வேண்டும். சார் 'ம்' என்றதும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கையைத் திருப்ப வேண்டும். விடை ஒத்துப்போனால் போடலாம். ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பேருமே தப்பு. ஒருவர் விடையை மற்றவர் பார்த்துத் திருத்துவது கூடாது. அழித்துவிட்டு மறுபடி.

புதிதாக வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். "இன்னா மாமே, மூணு சீட்டு ஆடுறீங்களா?" என்று பாபு வந்த நாளில் கேட்டான். அடுத்த மாதமே கை ஒத்துப்போகுமா போகாதா என்று டீக்குப் பந்தயம் கட்டினான்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தது வேதவல்லி. பாலிடெக்னிக்கில் படித்தவள். அவள் அப்பாவுக்கு ஒரு காலத்தில் அம்பத்தூரிலேயே நிலம் இருந்தது. விதைத்த இடத்தில் இப்போது கம்பெனிகள். என்னை 'அண்ணா' என்பாள். சாம்பிளைப் பொறி பறக்கச் சுட்டுப் பார்க்கும் இயந்திரம் அவள் பொறுப்பு. அதில் சிலிக்கான் எவ்வளவு, கார்பன் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்று எண்கள் வரும். என் கையும் அவள் கையும் ஒத்துப்போகாத நாள் குறைவு. அதில் எங்கள் இருவருக்குமே கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் ஒருநாள் எங்களைக் குப்புறத் தள்ளப் பார்த்தது.

அதைச் சொல்லுமுன் உலையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

உலையை நாங்கள் முழுதாகக் காலி செய்வதில்லை. அடியில் கொஞ்சம் உருகிய இரும்பை விட்டுவைத்து அதன்மேல் புதுச் சரக்கைப் போட்டால் சீக்கிரம் உருகும். அதனால் உள்ளே மொத்தம் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று தராசில் நிறுத்தவே முடியாது. உட்பக்கம் மேலே ஒரு விளிம்பு இருக்கும். இரும்பு அந்த விளிம்புவரை வந்தால் ஐந்நூறு கிலோ. உலை வாங்கிய நாளிலிருந்து அப்படித்தான்.

இரண்டாவது, சுவர். உலையின் உட்சுவர், வெள்ளை மணலை இடித்து இறுக்கிச் சுட்டது. லைனிங் என்போம். அந்தச் சுவருக்குப் பின்னால் செம்புக் குழாய் சுருள் சுருளாகச் சுற்றியிருக்கும். குழாய் வழியே மின்சாரமும் போகும், குழாய் உருகாமலிருக்க உள்ளே குளிர்ந்த தண்ணீரும் ஓடும். அதாவது, ஒரு பக்கம் உருகிய இரும்பு, மறுபக்கம் தண்ணீர், நடுவில் மணல் சுவர். இரும்பு சுவரைத் துளைத்துத் தண்ணீரைத் தொட்டால் வெடிக்கும். அந்த வெடிப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் பேட்டையில் உண்டு. நின்று கதை சொல்லும் அளவுக்குத் தள்ளி நின்றவர்கள்.

அன்று ஐப்பசி மழை. இரண்டு மூன்று நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. சுவர் மெலிந்தால் அடிக்கும் எச்சரிக்கை மணி ஒன்று உண்டு. மழை ஈரத்துக்கு அது காரணமில்லாமல் அடித்துக்கொண்டே இருந்ததால், எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அணைத்து வைத்திருந்தார்கள். லைனிங் மாற்ற இன்னும் காலம் இருந்தது. யாருக்கும் அதைப் பற்றிய நினைப்பே இல்லை. லாரிகளுக்கான பாகம் வார்க்க அச்சுகள் வரிசையாகத் தயாராகிக் காத்திருந்தன.

இரும்பு உருகி விளிம்புக்கு வந்தது. சாம்பிள் எடுத்து அனுப்பினேன். சிலிக்கான் நூற்றுக்கு 1.4, வேண்டியது 2. செம்பு 0.1, வேண்டியது 0.5.

முதலில் சிலிக்கான். அதை ஏற்றப் போடுவது பெரோ சிலிக்கான் என்ற கல். அதில் நூற்றுக்கு எழுபத்தைந்து சிலிக்கான். எரிந்து கசடாகப் போவது போக எழுபது என்று எடுத்துக்கொள்வோம். ஐந்நூறு கிலோவில் இருப்பது ஏழு கிலோ. ஆக வேண்டியது பத்து. மூன்று கிலோ குறைகிறது. போடும் கல்லும் இரும்போடு சேர்ந்து எடை கூட்டும். அதற்கும் நூற்றுக்கு இரண்டு பங்கு வேண்டும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். எல்லாம் சேர்த்துப் போட்டால் எக்ஸ் 4.4 கிலோ.

வேதவல்லி மழைக்குத் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு வந்தாள். கையைத் திருப்பினோம். இரண்டிலும் 4.4. நிறுத்திப் போட்டேன். கலக்கி, சாம்பிள் எடுத்து அனுப்பினேன்.

1.9 வந்தது.

"மறுபடி" என்றார் சார்.

மறுபடி சாம்பிள் எடுத்தேன். மறுபடி 1.9. சார் தராசைப் பார்த்தார். ஐந்து கிலோ படிக்கல்லை வைத்தார். சரியாக ஐந்து காட்டியது. "மூட்டை புதுசு சார்" என்றான் பாபு. "கல்லு டூப்ளிகேட்டா இருக்கும். இந்தக் காலத்துல முட்டையே டூப்ளிகேட் வருது." அது நடக்கக்கூடியதுதான். கல்லில் சரக்குக் குறைந்தால் சிலிக்கானும் குறையும்.

வேதவல்லி போகாமல் நின்றாள். "சார், அடுத்து எப்படியும் செம்பு போடணும். அதப் போட்டுப் பாத்துடலாம். செம்புக் கம்பி சுத்தம். எரியவும் எரியாது, கசடோடவும் போகாது. அது பொய் சொல்லாது."

செம்புக் கணக்கு எளிது. ஐந்நூறில் இருப்பது அரைக் கிலோ, ஆக வேண்டியது இரண்டரைக் கிலோ. போட வேண்டியது இரண்டு கிலோ. கை திருப்பினோம். இரண்டு, இரண்டு. கம்பியைச் சுருட்டிப் போட்டேன். சாம்பிள் போனது.

வேதவல்லி இந்த முறை ஓடி வந்தாள். "0.43!"

0.5 வர வேண்டிய இடத்தில் 0.43. சார் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை, உலையைப் பார்த்துக்கொண்டே துடைத்தார்.

"நாங்க ரெண்டு பேரும் போட்டது ஒத்துப்போச்சு சார்" என்றேன். தப்பு என்மேல் இல்லை என்று சொல்லிக்கொள்ளும் அவசரம்.

வேதவல்லிதான் சொன்னாள். "ஒத்துப்போச்சுன்னா சரின்னு அர்த்தம் இல்லண்ணா. ரெண்டு பேரும் ஐந்நூற ஒரே எடத்துலேந்துதான எடுத்தோம்?"

அந்த வார்த்தை எனக்குள் போய் விழுந்தது. எத்தனை வருடம்! எத்தனை முறை கையைத் திருப்பியிருக்கிறோம்! இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டோம், உண்மை. ஆனால் இரண்டு பேரும் ஐந்நூறை மட்டும் கேள்வி கேட்காமல் எழுதினோம். பிழை அந்த ஐந்நூறில் இருந்தால் எத்தனை பேர் போட்டாலும் ஒரே விடைதான் வரும், ஒரே தப்புதான் வரும்.

"எக்ஸ் யாரு?" என்றார் சார். இந்த முறை அது பாடமாகக் கேட்கவில்லை. அவருக்கே விடை தெரியாமல் கேட்டார்.

"போட்டது எவ்ளோன்னு தெரியும் சார்" என்றேன். "ஏறுனது எவ்ளோன்னும் தெரியும். தெரியாதது உள்ள கீற எடைதான். அதான் எக்ஸ்."

அவர் சாக்பீஸை உடைத்து ஆளுக்குப் பாதி கொடுத்தார். "அண்ணாத்தே, நீங்க சிலிக்கான்ல போடுங்க. வேதா, நீ செம்புல போடு. ஒருத்தர ஒருத்தர் பாக்காதீங்க."

மின்பெட்டியின் தகரக் கதவில் நான் எழுதினேன். போட்ட கல்லில் சிலிக்கான் 3.08 கிலோ. அது 1.4-ஐ 1.9 ஆக்கியது, அதாவது நூற்றுக்கு அரை ஏற்றியது. மூன்று கிலோ சொச்சம் எந்த எடையில் நூற்றுக்கு அரையாகும்? சேர்த்த கல்லின் எடையையும் கழித்துச் சமன்பாட்டை முடித்தேன். எழுதிய விடையை நானே நம்பவில்லை. மறுபடி போட்டேன். அதே விடை.

கையைத் திருப்பினோம். என் கையில் 599. அவள் கையில் 603. நடுவில் நான் போட்ட கல்லின் எடைதான் அந்த நாலு கிலோ.

என் வாழ்க்கையில் எனக்குப் பெருமை தரும் நிமிடம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஒன்று கல்லிலிருந்து வந்த விடை, ஒன்று செம்பிலிருந்து வந்த விடை. இரண்டும் வேறு வேறு வழியாக நடந்து வந்து ஒரே வாசலில் நின்றன. மூட்டை டூப்ளிகேட் இல்லை. தராசு சரி. சாம்பிள் சரி. உலைக்குள் அறுநூறு கிலோ இரும்பு இருந்தது.

பாபு மட்டும் கைதட்டினான். "மாமே, சும்மா நூறு கிலோ இரும்பு கெடச்சுக்கீது! முதலாளிகிட்ட சொல்லு, ஸ்வீட்டு வாங்கித் தருவாரு."

சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அது இரும்பு இல்ல பாபு. இடம். விளிம்பு அதே விளிம்புதான். அதுக்குக் கீழ நூறு கிலோ புடிக்கிற இடம் புதுசா வந்திருக்கு. எங்கேந்து வந்துச்சு?"

பதில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நூறு கிலோ இரும்பு பிடிக்க ஒரு குடம் அளவு இடம் வேண்டும். ஒரு குடம் சுவரை இரும்பு தின்றிருந்தது. எல்லாப் பக்கமும் சமமாகத் தின்றிருந்தால் பயமில்லை. ஒரே இடத்தில் தின்றிருந்தால்?

சார் மின்சாரத்தை நிறுத்தினார். தண்ணீர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. "மோல்டிங் ஆளுங்க எல்லாரும் வெளிய" என்றார். குரலை அப்போதும் உயர்த்தவில்லை. ஆனால் எல்லோரும் போட்டது போட்டபடி மழைக்குள் இறங்கினார்கள்.

முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். நல்ல மனிதர்தான், அன்றைக்கு லோடு போயாக வேண்டிய நெருக்கடி அவருக்கு.

"என்ன சாமுவேல், அலாரம் அடிக்கலையே?"

"அதத்தான் மழைக்காக ஆஃப் பண்ணி வச்சிருக்கோம் சார்."

"லைனிங்குக்கு இன்னும் நாள் இருக்கே. எடை அறுநூறுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல? அறுநூறுக்கே கணக்குப் போட்டு, கொறையறதப் போட்டு ஊத்திடுங்க. பத்து நிமிஷ வேலை. அச்சு எல்லாம் காத்துக்கிட்டு இருக்கு."

அவர் சொன்னது கணக்குப்படி சரி. இன்னும் கொஞ்சம் கல், இன்னும் கொஞ்சம் செம்பு, பத்து நிமிடம் சூடு. வார்ப்பும் சரியாக வரும். எனக்கே ஒரு கணம் கை பரபரத்தது.

சாமுவேல் சார் சொன்னார்: "சரி சார். நீங்க மேல வந்து எம் பக்கத்துல நில்லுங்க. பத்து நிமிஷம் உருக்குறேன்."

முதலாளி உலையைப் பார்த்தார். மேடைக்கு ஏறும் இரும்புப் படியைப் பார்த்தார். முதல் படியில் கால் வைத்தார். பிறகு காலை எடுத்துவிட்டார்.

"கொட்டிடு" என்றார்.

கொட்ட வேண்டிய இடம், உலைக்கு முன்னால் தரையில் உள்ள குழி. அது சுக்காக உலர்ந்திருக்க வேண்டும். குழியில் ஈரம் இருந்தால் அங்கேயே வெடிக்கும். வெளியே அப்படி ஒரு மழை. பாபு யாரும் சொல்லாமலே குழிக்குள் குதித்தான். உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தான். ஒரு மூலையில் கசிவு. காய்ந்த மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கொட்டினான். தலைக்கு மேலே அறுநூறு கிலோ இரும்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, குழிக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது: "மாமே, நான் ஏறினப்பறம் கவுத்துடா சாமி. அவசரத்துல என்னியும் சேத்து வார்த்துடாத."

"நீ ஏறு மொதல்ல!"

அவன் ஏறினான். கவிழ்க்கும் நெம்புகோல் என் கையில் இருந்தது. சார் என் பக்கத்தில் நின்றார். எந்தப் பக்கச் சுவர் மெலிந்தது என்று தெரியாது. இரும்பு வெளியே ஊற்றும் மூக்குப் பக்கம் மெலிந்திருந்தால், கவிழ்க்கும்போதுதான் அங்கே முழுப் பாரமும் விழும். மெதுவாகக் கவிழ்த்தால் பாரம் நிறைய நேரம் நிற்கும். வேகமாகக் கவிழ்த்தால் இரும்பு குழிக்கு வெளியே தெறிக்கும். லாரியில் மலைச் சரிவில் இறங்கும்போது பிரேக்கை எப்படி விட்டு விட்டுப் பிடிப்பார்களோ, அப்படி இழுத்தேன். இரும்பு மஞ்சள் கயிறாக இறங்கியது. பயந்தேனா என்று பிறகு மனைவி கேட்டாள். இரும்பு எவ்வளவு குறைந்தது என்பதை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிச் சொட்டு விழுந்தபோது என் கையை நெம்புகோலிலிருந்து சார்தான் விரல் விரலாகப் பிரித்தெடுத்தார்.

அன்று லோடு போகவில்லை. அச்சுகள் எல்லாம் வீண்.

மறுநாள் உலை ஆறியபின் எல்லோரும் மேடையில் கூடினோம். சார் டார்ச்சை உள்ளே அடித்தார். முன்பக்கம் சுவர் நன்றாகவே இருந்தது. பின்பக்கம், அடியோரத்தில், பானை வயிறு போல ஒரு குழிவு. லைனிங்கை உடைத்தெடுத்தோம். அந்தக் குழிவின் நடுப்பகுதி ஒரு சில்லாகக் கையோடு வந்தது. புதிதாகப் போடும்போது ஒரு சாண் இல்லாவிட்டாலும் நாலு விரல் தடிமன் இருந்த சுவர். அந்தச் சில்லு என் சுண்டுவிரல் கனம்கூட இல்லை. ஒரு பக்கம் கறுத்திருந்தது. மறுபக்கம் செம்புக் குழாயின் வளைவு அப்படியே பதிந்திருந்தது.

சில்லு கைமாறிக்கொண்டே போனது. வேதவல்லி அதை அளவுகோலால் அளந்தாள், பிறகு எண்ணைச் சொல்லாமல் அடுத்தவரிடம் கொடுத்தாள். முதலாளி வாங்கி வெகுநேரம் வைத்திருந்தார். கடைசியில் பாபுவிடம் வந்தது. அவன் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தான்.

"சார், இந்தப் பக்கம் தண்ணி. இந்தப் பக்கம் இரும்பு. நடுவுல இது. இல்ல?"

"ஆமா."

"நேத்து காலைல இதுக்கு நேரா சாய்ஞ்சிகினுதான் சார் டீ குடிச்சேன்."

சில்லைக் கீழே போடாமல் குனிந்து தரையில் வைத்தான். அன்று முழுக்க அவனிடமிருந்து ஒரு கிண்டலும் வரவில்லை. அவன் அப்படி இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

புது லைனிங் போட்டோம். எச்சரிக்கை மணியை எலக்ட்ரீஷியன் வந்து சரிசெய்தார். அதன் பிறகு எந்த மழைக்கும் அதை அணைக்கவில்லை. ஆனால் மணியை மட்டும் நம்பி நாங்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு வாரமும் திங்கட்கிழமை முதல் உருக்கில், செம்பு போடுமுன்னும் பின்னும் சாம்பிள் எடுத்து, உள்ளே இருக்கும் எடையைக் கண்டுபிடிக்கத் தொடங்கினோம். எப்படியும் போட வேண்டிய செம்புதான். தனிச் செலவு கிடையாது. சுவர் புதிதாக இருக்கும்போது ஐந்நூறு. தேயத் தேய ஐந்நூற்றுப் பத்து, இருபது, முப்பது. எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பார்த்து, எந்த வாரம் உலையை நிறுத்திச் சுவரை உடைக்க வேண்டும் என்று நான் சொல்வேன். முதலாளி ஒருநாளும் 'இன்னும் நாள் இருக்கே' என்று அதன்பிறகு கேட்டதில்லை. சாமுவேல் சார் வேறு ஆலைக்குப் போனபிறகு, அந்த முடிவை நானும் வேதவல்லியுமே எடுத்தோம்.

ஓரிடத்தில் நிலைக்காத நான் அந்த மேடையில் ஓய்வு பெறும்வரை நின்றேன். நின்ற காலம் முழுவதும் அந்த உலையில் இரும்பு ஒருமுறையும் சுவரைத் தாண்டி வரவில்லை. என்னோடு வேலைக்கு ஏறிய ஒவ்வொருவரும், ஷிப்ட் முடிந்ததும் கையைக் காலைக் கழுவிக்கொண்டு, தம் காலால் நடந்தே ரயிலுக்குப் போனார்கள்.